மூன்று நாய், ஒரு பேட்டரி சைக்கிள், ஒரு மனு

எனக்கு நாயும் ஆகாது, பேட்டரி சைக்கிளும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் இரண்டுக்கும் வக்காலத்து வாங்குவதைப் பார்த்து, ஆள் நல்லவர் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மைசூரில் எங்கள் லேஅவுட்டுக்குப் பின்புறம் ஒரு ஏரி இருக்கிறது. சுற்றிலும் மண்பாதை, புங்க மரங்கள், அங்கங்கே சிமெண்டு பெஞ்சு. காலை ஐந்தரை மணிக்கெல்லாம் எங்கள் ஏரியாவின் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்தக் கொதிப்பு அத்தனையும் ஷூ மாட்டிக்கொண்டு அங்கே ஆஜராகிவிடும். நானும் என் மனைவியும் பத்து வருடமாக அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இரண்டு பேருக்கும் பூர்வீகம் கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலூகா, ராமாபுரம். அவள் மட்டும் எல்லை தாண்டி அந்தியூரில் மாமா வீட்டில் தங்கித் தமிழில் படித்தாள். அதனால் முப்பது வருடம் மைசூரில் இருந்தும் அவளுக்குக் கன்னடம் பேச வருமே தவிர, படிக்க வராது. வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம் என்பது எங்கள் ஏற்பாடு. தமிழ் பேசாதே என்று எங்களை யாரும் சொன்னதில்லை. காவிரியில் தண்ணீர் குறைந்த ஏதோ ஒரு வருடத்தில் வந்த பழக்கம், தண்ணீர் வந்த பிறகும் போகவில்லை.

ஏரிக்கரைக்கு முதலில் வந்தவை நாய்கள். கழுத்தில் பட்டை இருக்கும், கயிறு மட்டும் முதலாளியின் தோளில் அங்கவஸ்திரமாகத் தொங்கும். நாய் நம் காலை முகர்ந்து கொண்டிருக்கும்போது, முதலாளி அரை பர்லாங்குக்கு அப்பாலிருந்து "ஏனூ மாடல்லா சார்" என்பார். ஒன்றும் செய்யாது என்று அர்த்தம். இந்தச் செய்தி நமக்குத் தெரிகிறது, நாய்க்குத் தெரியுமா என்று நான் ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இன்னொரு விஷயம், மைசூரில் நாயிடம் யாரும் கன்னடம் பேசுவதில்லை. மனைவியிடம் கன்னடம், மளிகைக் கடையில் கன்னடம், நாயிடம் மட்டும் இங்கிலீஷ். சிட், நோ, கம் ஹியர். அது உட்காராது, நிறுத்தாது, வராது. ஆனாலும் இங்கிலீஷை விட மாட்டார்கள்.

அப்புறம் வந்தது பேட்டரி சைக்கிள். உடற்பயிற்சிக்காக ஹெல்மெட், கையுறை, இறுக்கமான பனியன் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, கட்டை விரலால் ஒரு பொத்தானை அழுத்தி ஏரியைச் சுற்றுவார்கள். உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இருக்காது. சத்தமும் இருக்காது, அதுதான் வினை. ஸ்கூட்டர் வந்தால் சத்தம் கேட்டு ஒதுங்கலாம். இது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. தாண்டிப் போன பிறகு மணி அடிப்பார்கள்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை, என் மனைவி எனக்கு நாலடி பின்னால் வந்து கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பேட்டரி சைக்கிள் அவள் கையை உரசிக்கொண்டு போனது. பதறிப்போய் இடதுபக்கம் ஒதுங்கினாள். இடதுபக்கம் யாருடையதோ ஒரு நாய். அதை மிதிக்காமலிருக்கக் காலைப் பின்னால் வைத்தாள், விழுந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது சைக்கிளும் இல்லை, நாயும் இல்லை. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள். எலும்பு முறிந்திருந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் ஏரிப் பக்கம் வரவில்லை. "அந்தப் பக்கமே நான் வரமாட்டனுங்க, வீட்டுக்குள்ளயே நடந்துக்கறேன்" என்றாள். வீட்டுக்குள் நடந்தால் எங்கே போய் முடியும்? சமையலறையில்தான். அவளுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நடையும் மாத்திரையும் சேர்ந்துதான் அதைக் கட்டி வைத்திருந்தன. நடை நின்றதும் அது அவிழ்த்துவிட்ட மாடாகிவிட்டது. இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டர் அந்த விரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். இவர் மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு தினமும் நடந்தாக வேண்டும், இல்லையென்றால் இன்சுலின், அதற்கும் அடங்காவிட்டால் இந்த விரலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். அவள் வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். எனக்கு எழுதத்தான் தெரியும். மனு எழுதினேன்.

மனுக்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முப்பது வருடம் அவற்றைப் படித்து, எண் போட்டு, கட்டி, அலமாரியில் தூங்க வைத்தவன் நான். ஒரே ஒரு அதிகாரிக்கு எழுதிய மனு பிறந்த அன்றே செத்துவிடும். கீழே "நகல்" என்று போட்டு இன்னும் நாலு பேருக்கு அனுப்பினால்தான், மற்றவன் என்ன செய்கிறானோ என்ற பயத்தில் ஒருத்தனாவது அதைப் பிரிப்பான். டைப் அடித்த மனுவை ஏதோ சங்கத்து வேலை என்று ஒதுக்குவார்கள். கையால் எழுதினால் பாவம், யாரோ பொதுஜனம் என்று இரண்டு வரியாவது படிப்பார்கள். என் கன்னடக் கையெழுத்து ஆபீசிலேயே பிரசித்தம். குண்டு குண்டாக, கோடு போட்ட மாதிரி இருக்கும். ஃபைல்களை வீட்டுக்குக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி எழுதுவேன், இவள் பக்கத்தில் காபி கொண்டு வந்து வைப்பாள். அதே எழுத்தில், அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், "மான்யரே" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். ஏரிப் பாதையில் கயிறில்லாத நாய்களையும் பேட்டரி வண்டிகளையும் தடை செய்ய வேண்டும் என்பது சாரம். கையெழுத்து வந்த இடத்தில் "நொந்துபோன நடையர்கள்" என்று போட்டு, அதற்குக் கீழே மற்றவர்கள் கையெழுத்துக்கு இடம் விட்டேன். என் பெயரைப் போடவில்லை. முதல் கையெழுத்துப் போடுகிறவனைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

ஏரிக்கரையில் நடைக்காரர் குழு ஒன்று உண்டு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பெஞ்சில் கேசரிபாத்தும் காராபாத்தும் வரும். அப்படி ஒரு பிறந்தநாளில் மனுவை அட்டையில் செருகிச் சுற்றுக்கு விட்டேன். ஒரு கையில் தொன்னை, இன்னொரு கையில் பேனா. ஒருத்தரும் படிக்கவில்லை. நாய் வைத்திருக்கிற மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். பேட்டரி சைக்கிள்காரர் ஒருவர், சீட்டிலிருந்து இறங்காமலேயே போட்டார். நெய் பட்ட அந்தத் தாளை நகலெடுத்து ஐந்து இடங்களுக்கு அனுப்பினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. தடைப் பலகை வந்த பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், பார், உனக்காகச் செய்தேன் என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

பலகை வரவில்லை. மழைக்காலம் வந்து போனது, தசரா வந்து போனது. அவள் புண் கொஞ்சம் ஆறுவதும் கொஞ்சம் வாய் திறப்பதுமாக இருந்தது. கடைசியில் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கையில் ஒரு மூங்கில் தடியும் எடுத்துக்கொண்டு, அவளை மறுபடி ஏரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே எனக்கு ஒரு பரம எதிரி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். காலையில் மூன்று வீட்டு நாய்களை உலாவ அழைத்து வருவது அவள் வேலை. அதற்கப்புறம் அதே வீடுகளில் பெருக்கித் துடைக்க வேண்டும். மூன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும். அதனால் அவள் கயிறுகளைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, ஒரு பழைய பேட்டரி சைக்கிளில் ஏறி உட்கார்ந்து கொள்வாள். ஒரு வீட்டுப் பையன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன சைக்கிள். அவள் மெதுவாக ஓட்ட, நாய்கள் மூன்றும் பின்னால் ஓடும். எனக்கு ஆகாத இரண்டும் ஒரே உருப்படியாக வந்தால் நான் என்ன செய்வேன்? ஆறு மாதமாகத் தினமும் சண்டை. "நாயி கட்ரீ" என்று நான் கத்துவேன். கட்டுங்கள் என்று அர்த்தம். "ஏனூ மாடல்லா சார்" என்று அவள் கத்துவாள். திட்டுகளுக்கு ஒரு வேகம் வேண்டுமே, அது எனக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. நடுநடுவே சொல் கிடைக்காமல் இருவரும் திணறுவோம். அது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை.

என் மனைவி திரும்பி வந்த முதல் நாள், வளைவில் அந்த மூன்றும் ஒன்றாக எதிரே ஓடி வந்தன. இவள் என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே கன்னடம் என்ற எங்கள் ஏற்பாட்டையெல்லாம் மறந்து, "அய்யோ சாமீ, நாயைப் புடிங்கம்மா!" என்று அலறினாள்.

சைக்கிள் நின்றது.

"டேய் சாமிகளா, உக்காருங்கடா!" என்றாள் அந்தப் பெண்.

மூன்றும் உட்கார்ந்தன. குண்டு லேப்ரடார், கறுப்பு ஒன்று, காது கிழிந்த நாட்டு நாய் ஒன்று, மூன்றும் வரிசையாகப் பின்பக்கம் தரையில் படிய உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டன. இங்கிலீஷுக்கு அசையாத ஜீவன்கள்.

"ஏனுங், நீங்க தமிழா?" என்றாள் என் மனைவி. சட்டையை இன்னும் விடவில்லை.

"ஆமாங்க்கா. நீங்களுமா? எந்தூருங்க்கா?"

"ராமாபுரமுங்க."

"அடக் கெரகமே! நான் கௌதள்ளிங்க்கா. பொடி நடையில வந்தரலாமே!" என்றவள் என்னைக் காட்டி, "இவருங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரருங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் லேப்ரடார் எழுந்து நின்றுவிட்டது. "நான் இவரை மண்டியா பக்கத்து ஆளுன்னு நெனச்சனுங்க்கா. ஆறு மாசமாக் கன்னடத்துலயே திட்டறாரு. நானும் தட்டுத் தடுமாறிக் கன்னடத்துலயே திட்டறேன். மொதல்லயே தமிழ்ல திட்டியிருந்தா நானும் நல்லா நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பனல்லோ!"

பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர், இரவல் மொழியில், ஆறு மாதம் சண்டை போட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூங்கில் தடியை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் என் மனைவி எனக்கு முன்னால் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பெண் சைக்கிளை நடை வேகத்துக்குக் குறைத்து ஓட்டுவாள். இவள் பின் சீட்டு கேரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். விழுந்த பயத்துக்கு அந்தப் பிடி ஒன்று போதுமாக இருந்தது. சத்தமில்லாத வண்டி என்பதால் பேச்சும் தடையில்லாமல் நடக்கும். ஊர்க் கதை, நாத்தனார் கதை, கௌதள்ளியில் யார் வீட்டு நோம்பிக்கு யார் வரவில்லை என்ற கதை. பின்னால் மூன்று நாய்கள். அவற்றுக்குப் பின்னால், தடியோடு, நாலாவதாக நான். என்னையும் யாராவது கட்டி வைக்கச் சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

நாய்கள் எப்படித் தமிழ் கற்றன என்பதும் தெரிந்தது. முதலாளிகள் ஆபீஸ் போன பிறகு அவற்றுக்குச் சோறு போட்டுக் குளிப்பாட்டிப் பேச்சுத் துணையாக இருப்பவள் அவள்தானே. ஞாயிற்றுக்கிழமை லேப்ரடாரின் முதலாளி தாமே அதை அழைத்து வருவார். ஒரு ஞாயிறு அவர் "சிட், சிட்" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். என் மனைவி போகிற போக்கில் "உக்காரு கண்ணு" என்றாள். உட்கார்ந்தது. "யாவ டிரெய்னிங் மேடம் இது?" என்று அவர் வாயைப் பிளந்தார். என்ன பயிற்சி இது என்று அர்த்தம். இவள் கையை வீசிக்கொண்டு நடந்துவிட்டாள். தசரா வரைக்கும் நாய் என்ற சொல்லுக்கே நடுங்கியவள். அன்று அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லத்தான் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. விரல் காய்ந்து, மேல்தோல் உதிர்ந்தது. டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நாய் வளர்க்கிறோம் என்றாள் இவள்.

மனு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வாபஸ் வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் வாபஸ் வாங்க இன்னொரு கடிதம் எழுத வேண்டும், அதில் என் பெயரைப் போட வேண்டும். பெயரில்லாத மனுவைப் பெயர் போட்டு வாபஸ் வாங்கினால் ஊர் சிரிக்காதா? தவிர, முப்பது வருடத்தில் அலமாரிக்குப் போன மனு ஒன்றாவது எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை. அரசாங்கம் தூங்கும் என்று நம்பினேன். அதன் சோம்பேறித்தனத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை கடவுள் மேல்கூடக் கிடையாது.

எங்கிருந்தோ மாற்றலாகி ஒரு புது அதிகாரி வந்தார். பழைய மனுக்களையெல்லாம் எடுத்துப் படித்தாராம். படிப்பார் என்று யார் கண்டது?

தை மாதம் ஒரு திங்கட்கிழமை போனபோது ஏரி கேட்டில் இரும்புக் குழாயை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். ஆள் நுழையலாம், சைக்கிள் நுழையாது. பக்கத்தில் புதுப் பலகை. நாய்களுக்கும் பேட்டரி வண்டிகளுக்கும் தடை. கயிறு கட்டிய நாய்க்கும் சேர்த்தே தடை, நான் கேட்டதற்கு மேலேயே செய்திருந்தார்கள். காக்கிச் சட்டையில் ஒரு காவலாளி. வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தப் பெண் நின்றிருந்தாள், மூன்று நாய்களும் அவள் காலடியில். உள்ளே போக வேண்டியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னங்கப்பா இது, யாரு சொன்னாங்க?" என்று என் மனைவி தமிழிலேயே காவலாளியிடம் சண்டைக்குப் போனாள். அவன் பாவம், எல்லோரும் கேட்கிறார்கள் என்று மேலே இருந்து கொடுத்திருந்த ஒரு ஜெராக்ஸ் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். நீங்களே கேட்டீர்கள் மேடம், இதோ மனு, உங்கள் ஆட்கள் கையெழுத்து என்றான்.

இவள் அதை வாங்கிப் பார்த்தாள். நெய்க்கறை வரைக்கும் ஜெராக்ஸில் விழுந்திருந்தது. அவளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து அவனிடமே கொடுத்தாள்.

"எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான் போங்க்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்க உள்ள போயி நடங்க, கால் முக்கியம். நான் மெயின் ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டுப் போறேன்."

என் மனைவி உள்ளே போகவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் அவளை ஏரிக்கு அசைக்க முடியவில்லை. நாயும் இல்லை, சைக்கிளும் இல்லை, நான் கேட்ட மாதிரியே பாதை சுத்தமாக இருந்தது. வா, நான் கூட வருகிறேன், என் கையைப் பிடித்துக்கொள் என்றேன். "உங்க கூட நடந்தா நடக்கற மாதிரியா இருக்குது? இன்ஸ்பெக்சன் வந்த மாதிரி இருக்குது" என்றாள். மெயின் ரோட்டில் பஸ் சத்தத்தில் மிரண்ட லேப்ரடார் அந்தப் பெண்ணைக் கயிறோடு இழுத்து விழ வைத்ததில், அவள் முழங்கை தேய்ந்துவிட்டது. அதைப் பார்த்த இரண்டு வீட்டார், இனி வேண்டாம், ஏஜென்சி ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று நாய் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் என் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். இதெல்லாம் என் மனைவிக்குப் போனில், எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வரும். அவள் கேட்டுக்கொண்டு "ம்" என்பாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

மாசி பிறந்தபோது பெருவிரல் ஓரம் மறுபடி சிவந்தது. ஒரு வாரத்தில் அந்தச் சிவப்பு கருநீலமானது. டாக்டர் இந்தத் தடவை இன்சுலின் எழுதிவிட்டு, பதினைந்து நாள் பார்ப்போம் என்றார். என்ன பார்ப்போம் என்று நான் கேட்கவில்லை. அன்று அவள் குளிக்கப் போனதும் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். அவளைக் காப்பாற்ற என்று எழுதி, அவள் காலை நானே வாரிவிட்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று தினமும் வாய் வரைக்கும் வரும். அவள் முகத்தைப் பார்த்தால் போய்விடும்.

பதினைந்து நாளில் பாதி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லித் தட்டை எடுத்துவிட்டு மேசையைத் துடைத்தாள். ஒரு வெள்ளைத் தாளும் என் பேனாவும் கொண்டு வந்து வைத்தாள்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"மனுவுங்க. நான் தமிழ்ல சொல்றேன், நீங்க கன்னடத்துல எழுதுங்க. காலைல ஆறரைக்கு முன்னால நாயிகளுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கோணும். நடை வேகத்துல ஓட்டற பேட்டரி சைக்கிளை உள்ள விடோணும். கால் முடியாதவங்க அதப் புடிச்சுட்டு நடக்கறாங்கன்னு எழுதுங்க. வேகமா ஓட்டறவனப் புடிச்சு அபராதம் போடட்டும், வேண்டாங்கல."

நான் எழுதியதை விட நூறு மடங்கு நியாயமான மனு. பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் காவலாளியின் பையில் ஒரு தாள் இருக்கிறது. அதே ஆபீசுக்கு அதே எழுத்தில் இன்னொன்று போனால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கிவிடும். அதனால் "மான்யரே" என்பதை வலப்பக்கம் சாய்த்து, குச்சி குச்சியாக எழுதினேன். இரண்டாவது வரியிலேயே விரல் வலித்தது.

அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். சற்று நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னத்துக்குக் கோணக்கோண எழுதறீங்க?"

"கை வலிக்குது."

"போன மனுவுல குண்டு குண்டா, அழகாத்தானுங்க எழுதியிருந்தீங்க."

நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

"எனக்குப் படிக்கத்தானுங்க தெரியாது" என்றாள். "முப்பது வருசம் இதே மேசையில, நான் காபி வெச்ச டம்ளருக்குப் பக்கத்துல எழுதுன எழுத்து. பாத்தாத் தெரியாமப் போயிருமா?"

"உனக்காகத்தான் எழுதினேன்."

"அதுந் தெரியும். அதனாலதான் இத்தன நாளு கேக்கல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சாய்வெழுத்துத் தாளை என் கைக்கு அடியிலிருந்து உருவிக் கசக்கிவிட்டு, புதுத் தாள் ஒன்று வைத்தாள். "இதயும் எனக்காகவே எழுதுங்க. அதே எழுத்துல எழுதுங்க. கீழ பேரையும் போடுங்க."

எழுதினேன். குண்டு குண்டாக, கோடு போட்ட மாதிரி. பெயர் போட வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றது. அவள் நகரவில்லை. போட்டேன்.

தாளை எடுத்து ஈரம் காய ஆட்டினாள். "மொதல்ல அவகிட்டக் கொண்டு போயிப் படிச்சுக் காட்டிட்டு வந்தரலாம். அவளும் தெரிஞ்சுக்கட்டும், அந்த வேலையத்தவன் யாருன்னு. ஆட்டோ வேண்டாமுங்க, நடந்தே போலாம்."

வாசலில் உட்கார்ந்து, பெருவிரலில் பஞ்சு வைத்து, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஷூவை மாட்டிக்கொண்டாள். எழுந்து தெருவில் இறங்கினாள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.